மடியிலே தொடங்கும் வாசிப்பு

ஈழநாட்டின் வடகீழ்க் கரையிலே, நந்திக்கடல் என்னும் களப்பின் அருகே அமைந்த ஊர் வற்றாப்பளை. வயலும் காடும் நீரும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் வன்னிநாட்டு ஊர் அது. ஆண்டுதோறும் வைகாசித் திங்களில் அங்குள்ள கண்ணகியம்மன் கோயிலிலே பொங்கல் விழா நிகழும். கடல் நீரை வார்த்து விளக்கேற்றுதல் அவ்விழாவின் தனிச் சிறப்பாகும். இவ்வழக்கத்திற்குக் காரணமாக ஊரவர் கூறும் கதையொன்று உண்டு. களப்பின் கரையிலே மந்தை மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் முதியவள் ஒருத்தி வந்து பசியென்றாள். சிறுவர்கள் பொங்கிப் படைத்தார்கள். பொழுது சாய்ந்தது. விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று அவர்கள் கலங்கியபோது, கடல் நீரை அள்ளி வார்த்து ஏற்றுமாறு அவள் பணித்தாள். விளக்கு எரிந்தது. வந்தவள் கண்ணகியே என்பது அவ்வூரவர் நம்பிக்கை.

வற்றாப்பளையிலே பிறந்து வளர்ந்த ஒருவரை அணுகி, இக்கதையை முதன்முதலில் எந்த நூலிற் படித்தீர் என்று வினவினால் அவர் நகைப்பார். அதனை அவர் படித்து அறிந்தவரல்லர், கேட்டு அறிந்தவர். அம்மம்மாவின் மடியிலே கிடந்தோ, பொங்கலுக்குச் செல்லும் வழியிலே தந்தையின் தோளில் அமர்ந்தோ கேட்டிருப்பார். பின்னொரு நாள் அதே கதையை அச்சிலே கண்டபோது, பழகிய முகத்தைப் புதிய இடத்திலே கண்டாற் போன்ற மகிழ்ச்சி அவருக்கு உண்டாகியிருக்கும். பிள்ளையின் உள்ளத்திலே வாசிப்பின்மேல் விருப்பம் பிறக்கும் முறை இதுவேயாகும். எழுத்தை அறிவதனால் அவ்விருப்பம் பிறப்பதில்லை. அன்புடையார் ஒருவருடைய குரலிலே கதையின் சுவையைக் கண்ட பிள்ளை, அச்சுவையைத் தேடி எழுத்திடம் செல்கின்றது. காது முந்துகின்றது, கண் பிந்துகின்றது.

இவ்வுண்மை எங்கும் பொதுவானது. ஆயினும் வன்னிநாட்டிலே இதனை எடுத்துரைப்பதற்குத் தனிப்பட்ட தேவையொன்று உண்டு. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் போர் அந்நிலத்தின்மேல் வந்து கவிந்தது. மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தனர். 2009 மே மாதத்தில் நந்திக்கடலின் ஓரத்திலே போர் முடிவுற்றபோது, உயிர் தப்பியவர்கள் வவுனியாவுக்கு மேற்கே செட்டிகுளத்து முகாம்களிலே தங்கவைக்கப்பட்டனர். பின்னரே படிப்படியாக ஊர் திரும்பினர். பெயர்ந்து செல்லும் மக்கள் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் மடியிலே கட்டிக்கொள்வர். புத்தகங்களைக் கட்டிக்கொள்வது அரிது. வீட்டு அலுமாரியிலிருந்த நூல்களும், பாடசாலையிலிருந்த நூல்களும், வாசிகசாலையிலிருந்த நூல்களும் கிடந்த கிடையிலேயே அழிந்தன.

அக்காலத்திலே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாயிருந்தோர் இன்று தாயரும் தந்தையருமாகியுள்ளனர். எந்த வயதிலே ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தைக் கையிலெடுத்துக்கொண்டு உணவையும் மறந்து மூலையிலே ஒதுங்குமோ, அந்த வயதை அவர்கள் மரநிழலிலும் கூடாரத்திலும் கழித்தவர்கள். ‘எமக்குக் கிடையாததை எம் பிள்ளைக்கு எவ்வாறு கொடுப்போம்?’ என்பது அத்தகையோர் உள்ளத்தே எழக்கூடிய வினா. அதற்கு விடை காண்பதே இங்கு மேற்கொள்ளப்படும் பொருளாகும்.

விடையைத் தேடுவதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஈழத்துச் சைவக் கோயில்களிலே புராணபடனம் என்னும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கந்தபுராணம் படிக்கும் நாளில் இருவர் அமர்வர். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றவர் அதனைச் சொற்சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறுவார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். பயன் சொல்வோர் வெறும் பொருளோடு நின்றுவிடுவதில்லை. ஊரவர் அறிந்த உவமை ஒன்றைச் சேர்ப்பார். சூரபன்மனுடைய செருக்கைச் சொல்லுமிடத்திற் சபையிலே இருப்போர் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கும்படி சில வார்த்தை சொல்வார். கேட்டிருந்தவர்களுள் எழுத்தறியாதோர் பலர். ஆயினும் கந்தபுராணக் கதையிலே அவர்கள் அறியாத பகுதியில்லை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்க்கைமுறையைக் கந்தபுராணக் கலாசாரம் என்று குறித்ததன் கருத்தும் இதுவே.

அச்சபையின் ஓரத்திலே பாய் விரித்துப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். கேட்பவற்றுட் பெரும்பகுதி அவர்களுக்கு விளங்குவதில்லை. சிறிது நேரம் கேட்பர், பின்பு உறங்கிவிடுவர். அடுத்த ஆண்டு இன்னும் சிறிது விளங்கும். அதற்கடுத்த ஆண்டு, பயன் சொல்வோர் வாய் திறக்கும் முன்பே கதையின் அடுத்த நிகழ்ச்சியைப் பிள்ளை தன் தோழனின் காதிலே சொல்லிவிடும். கண்ணகி கோயில்களிலே இதற்கிணையான மரபு உண்டு. மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. வன்னியிலே சிலம்பு கூறல் என்னும் பெயரால் அக்கதை வழங்குகின்றது. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தோ அதே கதையை விடியும்வரை ஆடிக் காட்டுவது. ஆகவே எழுதப்பட்ட ஒன்றைப் பலர் கூடியிருக்க ஒருவர் குரலெடுத்து வாசிப்பதும், வாசித்ததைப்பற்றி உரையாடுவதும் இம்மண்ணுக்குப் புதியனவல்ல. கோயில் மண்டபத்திலே நிகழ்ந்ததை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவருதலே இன்றைய பெற்றோர் செய்ய வேண்டுவது.

மேல்நாட்டு ஆராய்ச்சியாளரும் அண்மைக்காலத்திலே ஏறக்குறைய இம்முடிபுக்கே வந்துள்ளனர். அமெரிக்க உளவியலறிஞர் வைற்கேர்ஸ்ற் என்பவரும் அவரோடு பணியாற்றியோரும் 1988 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினரும் நான்கு வாரங்கள் தத்தம் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வாசித்தனர். ஒரு பிரிவினர் வழக்கம்போல வாசித்தனர். மற்றப் பிரிவினரோ வாசிக்கும்போதே பிள்ளையை வினவியும், பிள்ளை சொன்னதை ஏற்று விரித்தும், பிள்ளையையே கதைசொல்லியாக்கியும் வாசித்தனர். நான்கு வாரங்களின் முடிவிலே இரண்டாம் பிரிவுப் பிள்ளைகள் பேச்சுத்திறனிலே தெளிவாக முந்தி நின்றனர். வாசித்தல் இருசாரார்க்கும் பொதுவாயிருக்க, வேறுபாட்டை உண்டாக்கியது உரையாடலே. வாசிப்போரும் பயன் சொல்வோருமாக இருவர் வேண்டுமென்று வகுத்த முன்னோர் எத்துணைப் பொருத்தமான முறையைக் கண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும். 2014 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பிள்ளை பிறந்த காலந்தொட்டே பெற்றோர் குரலெடுத்து வாசித்துக் காட்ட வேண்டுமென்று மருத்துவர்கள் அறிவுறுத்தும்படி பரிந்துரைத்தது. தமிழிலே பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை தால், சப்பாணி, அம்புலி எனப் பருவம் பருவமாகக் குழந்தையோடு பேசுகின்றது. பேச்சறியாக் குழந்தைக்கும் சொல்லின் இன்பம் உரியது என்பதைத் தமிழ்த்தாயர் எக்காலத்தும் அறிந்திருந்தனர்.

தமிழ்ப் பிள்ளைக்குக் குரல்வழி வாசிப்பு இன்றியமையாததாதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. தமிழிலே பேசும் மொழி வேறு, எழுதும் மொழி வேறு. வற்றாப்பளை வீட்டு முற்றத்திலே ‘அவை வருகினம்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்திலே ‘அவர்கள் வருகின்றார்கள்’ என்பதைக் காண்கின்றது. ‘எங்கை போறாய்?’ என்று தாய் அன்போடு வினவும் வினா, ஏட்டிலே ‘எங்கே போகின்றாய்?’ என்று உருமாறி நிற்கின்றது. எழுத்துக்கூட்டும் உழைப்பு ஒருபுறம். கூட்டிய சொல் தான் அறிந்த சொல்லாக இல்லாத திகைப்பு மறுபுறம். இவ்விரண்டு சுமையையும் ஒரே நேரத்திலே ஐந்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு, ‘இவனுக்கு வாசிப்பில் நாட்டமில்லை’ என்று குறைகூறுதல் நீதியாகாது.

தாயோ தந்தையோ நாள்தோறும் வாசித்துக் காட்டிய பிள்ளைக்கு இத்துன்பம் இல்லை. புத்தகத் தமிழின் ஓசை அதன் காதிலே முன்னரே குடியேறிவிட்டது. ‘ஓர் ஊரிலே ஓர் அரசன் இருந்தான்’ என்னும் நடை அதற்கு வேற்றுமொழியன்று. அம்மாவின் குரலோடு கலந்த மொழி. பள்ளியிலே எழுத்துகளைக் கூட்டும்போது சொல்லின் முதற்பகுதியைக் கண்டவுடனே எஞ்சிய பகுதியை உள்ளம் ஊகித்துவிடும். ஊகம் சரியாகும்போது பிள்ளைக்கு உண்டாகும் பெருமிதமே மேலும் வாசிக்கத் தூண்டும். எனவே பெற்றோர் வாசிக்கும்போது முதலில் நூலில் உள்ளவாறே வாசித்து, அதன்பின் வீட்டுப் பேச்சிலே அதனைச் சொல்லி விளக்குவது நன்று. இதுவும் பயன் சொல்லுதலே.

இனி, பெற்றோர் பொதுவாகச் சொல்லும் தடைகள் மூன்று. கல்வி போதாது என்பது ஒன்று. புத்தகம் இல்லை என்பது இரண்டாவது. நேரம் இல்லை என்பது மூன்றாவது.

முதலாவது தடையை எடுத்துக்கொள்ளலாம். வற்றாப்பளையிலே ஒரு தாய் இருப்பதாகக் கொள்வோம். இடப்பெயர்வினாற் படிப்பு இடையிலே முறிந்தவள். எழுத்துக்கூட்டி மெல்ல வாசிப்பவள். பிறர்முன் வாசிக்க நாணுபவள். அவளுக்கு நான்கு வயது மகள். தாயின் வாசிப்பு மெதுவாக இருக்கின்றதே என்று மகள் குறைகாண்பாளா? காணமாட்டாள். அவ்வயதுப் பிள்ளைக்குத் தாய் தன்னருகே இருப்பதே பேறு. படத்தை நோக்க நேரம் கிடைப்பதால் மெல்லிய வாசிப்பே அதற்கு உவப்பானது. தாய் தடுமாறிய சொல்லிலே விரலை வைத்து, மீண்டும் முயன்று, சரியாக வாசித்து மகிழ்வதைக் காணும் பிள்ளை அரியதொரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது. தடுமாறுதல் குற்றமன்று, முயன்றால் விளங்கும் என்பதே அப்பாடம். சரளமாக வாசிக்கும் தாய் இதனைக் கற்பித்தல் அரிது. மேலும், நாள்தோறும் பத்து நிமிடம் வாசிக்கும் தாயின் வாசிப்பும் வளரும். பிள்ளையின் பொருட்டுத் தொடங்கியது தாய்க்கும் இழந்ததை மீட்டுக் கொடுக்கும்.

எழுத்தே அறியாத பாட்டியும் இப்பணியிலே பங்குகொள்ளலாம். படப்புத்தகத்தைக் கையிலே பிடித்து, படத்தைக் காட்டிக் கதையைத் தானே கட்டிச் சொல்லலாம். ‘இந்தக் கொக்கு ஏன் ஒற்றைக் காலிலே நிற்கின்றது?’ என்று ஆச்சி வினவ, பேத்தி ஒரு காரணம் சொல்ல, ஆச்சி அதற்கு மறுகாரணம் சொல்ல, கதை வளரும். பள்ளி செல்லும் அண்ணனோ அக்காவோ தம்பி தங்கையருக்கு வாசித்துக் காட்டுதலும் நல்ல வழக்கமாகும். வாசிப்பவர்க்குப் பயிற்சியும் பெருமையும், கேட்பவர்க்குக் கதையும் கிடைக்கும்.

இரண்டாவது தடை புத்தகமின்மை. இதனை அற்பமாகக் கருதிவிட முடியாது. எனினும் பெருந்தொகையான நூல்கள் வேண்டுமென்று எண்ணுதல் தவறு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஒரே கதையை நாற்பது முறை கேட்க விரும்பும். பெற்றோர்க்குச் சலிப்பாயினும் பிள்ளைக்குச் சலிப்பில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லையேனும் அது தனதாக்கிக்கொள்கின்றது. ஆதலால் நல்ல சிறு நூல்கள் நான்கைந்து ஓராண்டுக்குப் போதுமானவை. வைகாசிப் பொங்கலுக்குச் செல்லும் தந்தை பிள்ளைக்கு ஊதுகுழலும் பந்தும் வாங்கிக் கொடுக்கின்றார். ஆண்டிலே அவ்வாறு அமையும் விழாநாள் ஒவ்வொன்றிலும் ஒரு கதைப் புத்தகத்தையும் சேர்த்து வாங்கினால், பள்ளி செல்லும் வயதிலே பிள்ளைக்கெனச் சிறியதொரு நூல்வரிசை அமைந்துவிடும். பழைய பெட்டியொன்றைத் துடைத்துப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்திலே வைத்து, ‘இது உன்னுடைய புத்தகப் பெட்டி’ என்று சொல்லிவிட வேண்டும். கிழியுமென்று பயந்து உயரத்திலே பூட்டி வைக்கப்படும் புத்தகம் பிள்ளைக்கு இல்லாத புத்தகமே.

சிறிய தொடக்கத்தை இகழ்தல் ஆகாது என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு சான்று. 1933 இல் க. மு. செல்லப்பா என்பார் தமது இல்லத்திலே நூல்களை வைத்துப் பிறர்க்கு உதவத் தொடங்கினார். 1934 இல் வாடகை அறையொன்றிலே அது 844 நூல்களோடு நூலகமாகத் திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து, 1981 இல் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களையும் சுவடிகளையும் கொண்டிருந்தது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. பெருநூலகம் ஒன்றின் முதல் அலுமாரி ஒருவருடைய வீட்டிலே இருந்தது என்பது பெற்றோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

வீட்டிலே நூல் இல்லாதவிடத்து ஊரிலே உண்டு. பாடசாலை நூலகமும், பிரதேச சபை நூலகமும், சனசமூக நிலையத்து வாசிகசாலையும் அதற்கென அமைந்தவை. வாசிகசாலையிற் பத்திரிகை பார்க்கச் செல்லும் தந்தை தம் பிள்ளையையும் கைபிடித்து அழைத்துச் செல்லலாம். பத்திரிகையைத் தந்தை வாசிப்பதைக் காண்பதே பிள்ளைக்கு ஒரு கல்வி. இலங்கையிலே 1980 ஆம் ஆண்டு முதல் பாடநூல்கள் மாணவர்க்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. மூத்த பிள்ளையின் பழைய தமிழ்ப் பாடநூலிலே இளைய பிள்ளைக்கு வாசித்துக் காட்டத்தக்க கதையும் பாட்டும் இருக்கும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்கள் பலவற்றை எவரும் விலையின்றி வாசிக்கும்படி இணையத்திலே வைத்துள்ளது. கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையிலே கொடுத்து வாய்மூடச் செய்வதற்குப் பதிலாக, பெற்றோர் தம் கையிலே வைத்துக்கொண்டு அதிலுள்ள கதையொன்றை வாசித்துக் காட்டினால் அக்கருவியும் பயன்படும்.

எல்லாவற்றினும் எளிய புத்தகம் ஒன்று உண்டு. அது வீட்டிலே செய்யப்படுவது. கொப்பியொன்றிலே பிள்ளை சொல்லும் கதையைத் தாய் எழுதிக்கொள்ள வேண்டும். ‘அப்பா இரவிலே களப்புக்கு இறால் பிடிக்கப் போனார். நிலவு கூடவே போனது’ என்று பிள்ளை சொன்னால், சொன்னபடியே எழுதி, அருகிலே படம் வரையப் பிள்ளைக்கு இடம்விட்டு, மறுநாள் அதனை வாசித்துக் காட்ட வேண்டும். தான் வாயாற் சொன்னது தாளிலே தங்கியிருப்பதையும், அம்மா அதனைப் பார்த்து அச்சொல்லையே மீண்டும் சொல்வதையும் காணும் பிள்ளை, எழுத்து என்பது யாது என்பதை ஒரு கணத்திலே உணர்ந்துகொள்ளும். நூற்றுக்கணக்கான எழுத்து அட்டைகள் விளக்காததை அவ்வொரு பக்கம் விளக்கிவிடும். தன் ஊரும் தன் வீடும் எழுத்திலே இடம்பெறத் தக்கவை என்னும் எண்ணமும் அதன் உள்ளத்தே வேரூன்றும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவர்க்குப் பாட்டாக்கினார். பிள்ளை உண்ணும் பண்டமும் அது கண்ட தோட்டமும் பாட்டிலே வந்தமையாலேயே தலைமுறை கடந்தும் அவை சிறுவர் வாயிலே நின்றன. வன்னியிலே பறவைகள் வயலுக்கு வருவதைப் பாடும் குருவிப்பள்ளு போன்ற நாட்டுப் பாடல்கள் வழங்கிவந்தன. அவற்றை அறிந்த முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதிவைக்கும் வீடு, பிள்ளைக்கு ஒரு நூலையும் ஊருக்கு ஒரு செல்வத்தையும் ஒருங்கே தேடிக்கொள்ளும்.

மூன்றாவது தடை நேரமின்மை. வயலிலும் களப்பிலும் உழைக்கும் வீட்டிலே ஓய்வு அரிது என்பது உண்மையே. காலபோக விதைப்பும் அறுவடையும் நிகழும் நாட்களிலே தாயும் தந்தையும் அயர்ந்து வீடு திரும்புவர். ஆயினும் கேட்கப்படுவது ஒரு மணி நேரமன்று, பத்து நிமிடமே. அப்பத்து நிமிடத்தின் பயன் அதன் நீளத்திலே இல்லை; தவறாமையிலே இருக்கின்றது. மாலையில் விளக்கு வைத்தபின் உணவுக்கு முன்னரோ, உறங்கப் போகுமுன்னரோ, வீட்டுக்கு இசைந்த ஒரு வேளையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் தாய், ஒருநாள் தந்தை, ஒருநாள் அம்மம்மா என்று பகிர்ந்துகொள்ளலாம். தந்தையின் பங்கு சிறப்பாக வேண்டப்படுவது. வாசிப்பு என்பது பெண்களும் ஆசிரியரும் மட்டுமே வற்புறுத்தும் காரியம் என்று எண்ணிவிட்ட ஆண்பிள்ளை, சிறிது வளர்ந்ததும் அதனைக் கைவிட்டுவிடுவான். களப்பிலிருந்து வந்த தந்தை சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு திண்ணையிலே அமர்ந்து நரிக்கதை வாசித்தால், அந்நினைவு பிள்ளையை விட்டு அகலாது.

இனித் தவிர்க்க வேண்டியவை சில. நல்ல நோக்கமுடைய பெற்றோரே அறியாமற் செய்யும் பிழைகள் அவை.

விஜயதசமி நாளிலே பிள்ளையை மடியில் இருத்தி, அரிசியிலே விரலைப் பிடித்து எழுதுவித்து ஏடு தொடக்குகின்றனர். அழகிய சடங்கு அது. மடியிலே இருத்தியும் கையைப் பிடித்தும் கல்வி தொடங்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஆனால் மறுநாளே மடி போய்ப் பிரம்பு வந்துவிடுகின்றது. 247 எழுத்துகளையும் ஒப்புவித்தால்தான் கதை என்று கட்டளை பிறக்கின்றது. பசியோடிருக்கும் பிள்ளையிடம் சமையற் கலங்களின் பெயரை ஒப்புவித்தபின் சோறு தருவோம் என்பதை இது ஒக்கும். எழுத்தும் வேண்டும், கதையும் வேண்டும். ஆனால் கதையை எழுத்துக்குக் கூலியாக்குதல் கூடாது.

அடுத்த பிழை பரீட்சை பற்றியது. தரம் ஐந்து புலமைப்பரிசிற் பரீட்சை இலங்கையிலே பல வீடுகளின் அமைதியைக் குலைத்துவிடுகின்றது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பரீட்சை திறந்துவிடும் வாயில்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. போரினால் எல்லாவற்றையும் இழந்த பெற்றோர் கல்வியொன்றையே கைப்பொருளாகக் கருதிப் பிள்ளையை நெருக்குவதும் விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும் கதைப் புத்தகம் வாசிக்கும் பிள்ளையை நோக்கி ‘அதை வைத்துவிட்டுப் படி’ என்று கூறுமிடத்து, வாசிப்பு வேறு, படிப்பு வேறு என்னும் தீய பாடம் கற்பிக்கப்படுகின்றது. விருப்போடு பல நூல் வாசித்த பிள்ளை வினாத்தாளின் வசனத்தை விரைந்து விளங்கிக்கொள்ளும். வினாவிடைப் புத்தகம் ஒன்றையே மனனஞ் செய்த பிள்ளையோ, வினா சிறிது உருமாறினாலும் மயங்கிவிடும். கண்டது கற்கப் பண்டிதனாவான் என்னும் பழமொழி பரீட்சைக்கும் பொருந்துவதே.

வாசித்து முடிந்ததும் பரிசோதகர்போல வினவுதலும் பிழையாகும். ‘நரியின் பெயரென்ன? காகம் எந்த மரத்திலிருந்தது?’ என்று அடுக்கினாற் பிள்ளை கதையை மறந்து விடையை அஞ்சும். ‘காகத்தின் இடத்திலே நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்பது உரையாடல். அதற்குத் தவறான விடையே இல்லை. பிழையாக வாசித்த சொல்லை உடனுக்குடன் தடுத்துத் திருத்துதலும், அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இழித்துரைத்தலும் தளிரைக் கிள்ளுவன. வாசிக்க மறுக்கும் நாளிலே வற்புறுத்தாது, தாமே தமக்கென ஒரு நூலை எடுத்துச் சற்றே குரலெழுப்பி வாசித்துச் சிரிக்கும் பெற்றோர் அறிவுடையோர். சிறிது நேரத்திலே பிள்ளை அருகே வந்து எட்டிப் பார்க்கும்.

பிள்ளை தானே வாசிக்கக் கற்றவுடன் பெற்றோர் தம் குரலை நிறுத்திவிடுதல் மிகப் பொதுவான தவறு. ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் முயற்சியாலே வாசிக்கத்தக்க நூல் எளியது; அதன் அறிவு விரும்பும் கதையோ அதனினும் பெரியது. அவ்விடைவெளியை நிரப்புவது பெற்றோர் குரல். பிள்ளை ஒரு பக்கமும் பெற்றோர் ஒரு பக்கமுமாக மாறிமாறி வாசித்தால் இருவர்க்கும் இன்பமாகும். பின்பு ஒருநாள், அடுத்த அத்தியாயத்தை அறியும் ஆவல் தாங்காது, தந்தை வருமுன்னரே பிள்ளை அதனைத் தானே வாசித்து முடித்திருக்கும். அந்நாள் பெற்றோர் முயற்சி பலித்த நாள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கென எடுக்கப்படும் கடல் நீர் நேரே வற்றாப்பளையைச் சேர்வதில்லை. முதலில் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே விளக்கெரிந்து, அதன் பின்னரே கண்ணகியம்மன் சந்நிதியை அடைகின்றது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிச் செல்வதனால் அவ்வழக்கம் தலைமுறைகள் பலவற்றைக் கடந்துள்ளது. போர்க்காலத்தில் ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. மக்கள் மீண்ட பின்னர் பொங்கலும் மீண்டது. சிறுவர்களும் முதியவளும் பற்றிய கதையும் மீண்டது. அதனை எந்தப் பெட்டியிலும் எவரும் காவிச் சென்றிலர். அது அம்மம்மாக்களின் நாவிலே சென்று, நாவிலே திரும்பியது.

ஆகவே தமக்குக் கிடையாததை எவ்வாறு கொடுப்பது என்று கலங்கும் இளம் பெற்றோர்க்கு விடை இதுவாகும். அவர்களுக்குப் புத்தகங்கள் கிடையாதிருந்திருக்கலாம். பள்ளி நாட்கள் குறைந்திருக்கலாம். ஆனால் கதை கிடைத்தது. அதனைச் சொன்ன குரலும் கிடைத்தது. அக்குரலைத் தம் பிள்ளைக்குக் கொடுத்து, அதனோடு ஒரு சிறு நூலையும் சேர்த்துக் கொடுத்தாற் போதுமானது. இன்று மாலை விளக்கு வைத்தபின், பிள்ளையை மடியில் இருத்தி, எளியதொரு கதைப் புத்தகத்தின் முதற்பக்கத்தைத் திறக்கலாம். அது கிடையாவிடின், களப்பின் கரையிலே மந்தை மேய்த்த சிறுவர்களின் கதையைச் சொல்லி, அதனையே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கலாம்.